வைரத்தை எதைக் கொண்டு அறுக்கிறார்கள்? சுரங்கத்துக் கல் நகைக் கல்லாவது எப்படி?

வைரத்தை வைரத்தால்தான் அறுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வோம். சரி, இரண்டும் ஒரே கடினம் என்றால் எது தேயும்? பட்டை தீட்டும் பட்டறையில் சேர்ந்த புதிதில் நானும் இதைத்தான் கேட்டேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் பதில் சொல்லவில்லை. ஒரு கல்லைக் கொடுத்து, "சக்கரத்தில் வைத்துப் பார்" என்றார். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சுரங்கத்தில் நடப்பது பெரும்பாலும் கல்லை உடைப்பதும் சலித்தெடுப்பதும்தான். பல இடங்களில் ஒரு டன் பாறைக்கு ஒரு காரட், அதாவது 0.2 கிராம் வைரம்கூடத் தேறாது. பாறையை நொறுக்கி, கனமான கலவையில் விட்டால் லேசான கற்கள் மிதக்கும். வைரம் அடியில் தங்கும். பிறகு எக்ஸ்ரே. வைரம் அதில் ஒளிரும். ஒளிர்ந்ததைக் கருவி காற்றால் ஊதித் தனியே தள்ளும். பழைய முறை இன்னும் எளிது: வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, கிரீஸ் ஒட்டும். கிரீஸ் தடவிய மேசை மேல் தண்ணீரோடு ஓடவிட்டால் மற்றவை ஓடிவிடும். இப்படிக் கிடைப்பதிலும் கணிசமான பங்கு நகைக்கு ஆகாமல் துளையிடும் கருவிகளுக்கும் அறுக்கும் தகடுகளுக்கும் போய்விடும்.

பட்டறைக்கு வரும் கல்லைப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். உடைந்த கற்கண்டு மாதிரி மங்கலாக இருக்கும். உண்மையான வேலை இங்கே தொடங்குகிறது, அதுவும் தீட்டுவது இல்லை, திட்டமிடுவது. ஸ்கேனர் கல்லின் வடிவத்தையும் உள்ளே இருக்கும் கரும்புள்ளி, கீற்றுகளையும் படமாக்கும். எண்முக வடிவில் 2 காரட் கல், ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி என்று வையுங்கள். புள்ளி அறுப்புக் கோட்டில் விழும்படி பெரிதும் சிறிதுமாக இரண்டாக அறுக்கலாம். 0.64, 0.3 காரட் என்று இரண்டு வட்டக் கற்கள் கிடைக்கும். மீதிப் பாதிக்கும் மேல் தூள்! வட்டக் கல் என்றால் பாதி போவது சாதாரணம். கோஹினூரையே 1852இல் லண்டனில் மறுபடி பட்டை தீட்டியபோது சுமார் 191 காரட்டிலிருந்து சுமார் 105.6 காரட்டுக்கு இறங்கியது.

முன்பெல்லாம் அறுப்பதற்கு வைரத்தூளும் எண்ணெயும் பூசிய, காகிதம் போல மெல்லிய வெண்கலத் தகடுதான். ஒரு கல்லுக்கே மணிக்கணக்காகும். இப்போது பெரும்பாலும் லேசர். அப்புறம் ஒரு வைரத்தோடு இன்னொன்றை உரசி இடுப்பை, அதாவது மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் சேரும் விளிம்பை, வட்டமாக்குவார்கள்.

இனி சக்கரம். வார்ப்பிரும்புத் தட்டு, மேலே வைரத்தூளும் எண்ணெயும், நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்று. அன்று நான் கல்லை வைத்தேன், ஒரு மில்லிமீட்டர்கூடத் தேயவில்லை. கீச்சென்று கத்தியது. அண்ணன் வந்து பிடியைக் கொஞ்சம் திருப்பினார். சத்தம் தணிந்து, தேய ஆரம்பித்தது. அதுதான் பதில். வைரம் எல்லாத் திசையிலும் ஒரே கடினம் இல்லை. மரத்துக்கு இழை இருப்பது போல இதற்கும் உண்டு. எண்முகத்தின் முகத்தோடு ஒட்டி வைத்தால் சக்கரம் தோற்றுவிடும். தூளில் இருக்கும் துகள்களோ எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. அவற்றில் கடினமான முனை காட்டுபவை கல்லின் மென்மையான திசையைத் தேய்க்கும். ஒவ்வொரு பட்டைக்கும் இந்தத் திசையைத் தேட வேண்டும். வட்டக் கல்லில் பட்டைகள் 57. அடிமுனையையும் தீட்டினால் 58.

கோணங்களை 1919இல் வைரத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்கிட்டுக் காட்டினார்: கீழ்ப்பக்கம் 40.75 டிகிரி, மேல்பக்கம் 34.5. கீழ்ப்பக்கம் அதிகம் தட்டையானாலும் ஆழமானாலும் மேலே திரும்ப வேண்டிய ஒளி அடி வழியாக ஒழுகிவிடும். ஆனால் 0.97 காரட்டில் நிற்கும் கல்லை 1 காரட்டாக்க ஆசைப்பட்டு இடுப்பைத் தடிப்பாக விட்டுவிடுவது நடக்கிறது. அப்படிப்பட்ட கல் எடையில் பெரிது, கண்ணுக்குச் சிறிது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. கல் வாங்கும்போது எடையோடு விட்டத்தையும் கேளுங்கள்.

நான் தனியாக முடித்த முதல் கல் மேலே சொன்ன 0.64 திட்டம்தான். ஒரு பட்டையில் திசை தேடாமல் அழுத்திப் பிடித்துவிட்டேன். சூட்டில் பால் படிந்தது போல வெள்ளையாகக் கருகிய தடம். அதை எடுக்க மறுபடி தேய்த்து, எதிர்ப் பட்டைகளையும் சேர்த்துக் குறைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் எண்ணெய் போக அமிலத்தில் கொதிக்கவைத்து, துடைத்துத் தராசில் வைத்தார் அண்ணன். 0.61. சீட்டில் எழுதிவிட்டு அடுத்த கல்லை நீட்டினார்.