ரொட்டித் தட்டு வேண்டாம் (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

திருச்சியிலிருந்து பிரிஸ்பேனுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மார்ச்சில் வடக்குப் புறநகர் ஒன்றில் தோட்டத்தோடு ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. நீங்கள் தளத்தில் போடும் படங்களைப் பார்த்துத்தான் நானும் ஒரு கேமரா வாங்கினேன், 70-300 லென்ஸோடு. லோரிக்கீட் கிளி, கூக்கபரா என்னும் பெரிய மீன்கொத்தி, காட்டுக்கோழி மாதிரியான பிரஷ் டர்க்கி, ராத்திரியில் மரமேறும் பாஸம் என்று எங்கள் தோட்டத்துக்கு வராத ஆளே இல்லை. ஆனால் படம்தான் தேறவில்லை. ஒன்று சின்னப் புள்ளியாக விழுகிறது, இல்லாவிட்டால் ஆடிப்போய்விடுகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிமேல் ஒரு தட்டில் தினமும் ரொட்டியும் தேன் கலந்த தண்ணீரும் வைக்கிறார். லோரிக்கீட்கள் அவர் கையிலேயே வந்து உட்கார்கின்றன. நானும் அப்படி வைக்கலாமா? 150-600 லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? எங்கள் தெருவில் ஒரு தவளைவாயன் (ஆந்தை மாதிரித் தெரியும் இரவுப் பறவை) இருக்கிறது. அதன் குரலைப் போனில் போட்டால் கிட்ட வரும் என்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா? பிரஷ் டர்க்கி என் கறிவேப்பிலைக் கன்றைத் தோண்டிப் போட்டுவிட்டது, அதைப் படமெடுக்கும் ஆசையே போய்விட்டது. கடைசியாக ஒன்று. விடியற்காலை நாலு மணிக்கு ஒன்று கூவுகிறதே, அது நம் ஊர்க் குயில்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

லென்ஸ் வாங்க வேண்டாம். ஏதாவது தள்ளுபடி விற்பனை வந்து நீங்கள் கார்டை நீட்டுவதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேமரா ஏபிஎஸ்-சி என்ற சற்றுச் சின்ன சென்சார் வகை என்று வைத்துக்கொள்வோம். 300 மி.மீ.யில் 4 மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு லோரிக்கீட் படச்சட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிறைந்துவிடும். 600-ல் பாதிப் பறவைதான் கிடைக்கும். நீங்கள் எடுப்பது யூகலிப்டஸ் உச்சியில் இருக்கும் பறவையை. அதனால்தான் புள்ளியாக விழுகிறது.

காட்டில் படமெடுப்பவர் விலங்கு இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும். தோட்டம் வைத்திருப்பவருக்கு, அது எங்கே வந்து உட்கார வேண்டும் என்பதை ஓரளவு தீர்மானிக்கும் வசதி இருக்கிறது. அதோடு, வருவது பெரும்பாலும் அதே ஆட்கள்தான். அதே கூக்கபரா ஜோடி, அதே கம்பத்தில். பார்க்கப் பார்க்க அவை வரும் நேரமும் வழியும் பிடிபட்டுவிடும். என் கேமரா பையில் இருக்கும் எதையும்விட எனக்கு உதவுவது அந்தப் பழக்கம்தான்.

ரொட்டித் தட்டும் பறவையை நாம் சொன்ன இடத்துக்குத்தானே கொண்டுவருகிறது என்று கேட்பீர்கள். கொண்டுவருகிறது. ஆனால் லோரிக்கீட் தானியம் தின்னும் கிளி இல்லை. அதன் நாக்கு நுனியில் சின்னச் சின்ன முடி போன்ற தூரிகை உண்டு, பூவிலிருந்து தேனையும் மகரந்தத்தையும் வழித்தெடுப்பதற்காக. ரொட்டியும் சர்க்கரைத் தண்ணீரும் அதன் வயிற்றை நிரப்பும், ஊட்டம் கொடுக்காது. அதைவிட மோசம், கூட்டமாக ஒரே தட்டில் வாய் வைப்பது. கிளிகளுக்கு வரும் அலகு-இறகு நோய் இப்படித்தான் சுலபமாகப் பரவுகிறது. இறகு கொட்டிப் பறக்க முடியாமல் தரையில் ஓடும் குஞ்சுகளை இந்த ஊரில் நீங்களும் ஒருநாள் பார்ப்பீர்கள். கூக்கபராவுக்கு வெறும் கொத்துக்கறி போடுவதும் இதே கதைதான். எலும்போடும் தோலோடும் பல்லியை விழுங்குகிற பறவைக்கு அது போதாது.

இந்தத் தட்டுப் பழக்கத்துக்கு இங்கே ஒரு பழைய வரலாறும் இருக்கிறது. கோல்ட் கோஸ்ட் பக்கம் கரம்பினில் அலெக்ஸ் கிரிஃபித்ஸ் என்பவர் பூப்பயிர் வைத்திருந்தார், தேனீயும் வளர்த்தார். லோரிக்கீட்கள் பூக்களை நாசம் செய்யவே, அவற்றைத் திசைதிருப்ப 1947-ல் தீனி வைக்க ஆரம்பித்தார். அதைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்து கடைசியில் அது ஒரு சரணாலயமாகவே ஆகிவிட்டது. நல்ல இடம், குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். ஆனால் தட்டில் எடுத்த படங்கள் எங்கே எடுத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தட்டின் விளிம்பு, அலகில் ஒட்டிய ஈர ரொட்டி, பின்னால் யாரோ ஒருவரின் முழங்கை. அதே பறவை ஒரு பூங்கொத்தில் தலைகீழாகத் தொங்கி, நெற்றி முழுக்க மஞ்சள் மகரந்தத்தோடு நிமிர்கிற படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆகவே பூ வையுங்கள். நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சொந்த ஊர் இதுதான், தெற்கு குயின்ஸ்லாந்தும் அதை ஒட்டிய வடக்கு நியூ சவுத் வேல்ஸும். வசந்தம் முடியும் சமயம் ஆரஞ்சு நிறத்தில் பூக்கும்போது லோரிக்கீட்கள் சண்டை போட்டுக்கொண்டு வரும். வாடகை வீட்டில் அவ்வளவு பெரிய மரத்தை வைக்க முடியாது, சரி. அதே கிரெவில்லியா இனத்தில் இடுப்புயரச் செடிகள் உண்டு, நர்சரியில் கேளுங்கள். வருடத்தில் பெரும்பாலான நாள் பூக்கிற வகைகளும் கிடைக்கின்றன. பெரிய தொட்டியிலேயே வைக்கலாம், வீடு மாறினால் எடுத்துக்கொண்டும் போகலாம். நம் ஆட்கள் ஆசையாக உரம் போடுவோம், இதற்கு மட்டும் பாஸ்பரஸ் அதிகமுள்ள உரம் ஆகாது, செடி செத்துவிடும். சில வகைகளின் இலை பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பூவுக்கு அடுத்தது தண்ணீர். அகலமான மண் தட்டில் நாலைந்து சென்டிமீட்டருக்குமேல் வேண்டாம், நடுவில் ஒரு கல். ஓடி ஒளிய இரண்டு மீட்டருக்குள் ஒரு புதர் இருந்தால் பறவைக்குத் தைரியம் வரும். தண்ணீரை தினமும் மாற்றுங்கள், கொசு விஷயம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டுக்குப் பக்கத்தில் காய்ந்த கிளை ஒன்றை நட்டுவைத்தால், குளிக்கும் முன்பு பறவை அதில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும். நீங்கள் படமெடுக்க வேண்டிய நொடி அதுதான். கிளைக்குப் பின்னால் வேலியோ செடியோ மூன்று நான்கு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். அப்போதுதான் பின்புலம் கரைந்து பச்சையாக நிற்கும். வேலியில் ஒட்டினாற்போல் கிளையை வைத்தால் எந்த லென்ஸும் காப்பாற்றாது.

தட்டை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் நம் ஊர் ஆட்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். இங்கே சூரியன் வடக்கு வானத்தின் வழியாகப் போகிறது, ஜூன் ஜூலையில் இன்னும் தாழ்வாக. வடக்கு முதுகுப்பக்கம் இருக்க, தெற்கே பார்த்து எடுக்கும்படி தட்டை வைத்தால் குளிர்காலம் முழுக்க முன்வெளிச்சம் கிடைக்கும். பிரிஸ்பேனின் நல்ல வெளிச்சம் அந்த மாதங்களில்தான். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்து, ஏழு மணிக்குள் வெயில் சுள்ளென்று ஆகிவிடுகிறது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் யோசனையை இந்த மாநிலம் 1992 பொதுவாக்கெடுப்பில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. படமெடுப்பவர்களைக் கேட்டிருந்தால் நாங்கள் வேண்டும் என்று ஓட்டுப் போட்டிருப்போம், தூக்கத்துக்காக.

ஆடிப்போவதற்கு மருந்து சுலபம். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள், பறக்கும்போது என்றால் 1/2000. ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு) தானியங்கியில் விடுங்கள், 3200, 6400 போனாலும் பரவாயில்லை. புள்ளி புள்ளியாக வருவதைக் கணினியில் ஓரளவு சரிசெய்யலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. சமையலறை ஜன்னல் பக்கம் தட்டு தெரிந்தால் வீட்டுக்குள்ளிருந்தே எடுக்கலாம். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் படம் மங்கும்.

இனி உங்கள் உளவாளிகளைப் பற்றி. சாம்பல் நிறத்தில், கண்ணோரம் மஞ்சளாக, நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும் பறவையைப் பார்த்து நீங்கள் மைனா என்று நினைத்திருக்கலாம். இது நாய்ஸி மைனர், தேன்சிட்டைப் போலத் தேன் குடிக்கும் வேறொரு குடும்பம், இந்த மண்ணின் பறவை. நம் ஊர் மைனாவும் இங்கே உண்டு, அது 1860-களில் மெல்போர்னில் கொண்டுவந்து விடப்பட்டது. நாய்ஸி மைனர்கள் மற்ற சின்னப் பறவைகளைத் தோட்டத்தில் அண்டவிடாது, அதற்காக அவற்றின்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் ஏழெட்டு சேர்ந்து ஒரு மரத்தைச் சுற்றி விடாமல் கத்தினால் கேமராவை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். பருந்தோ, ஆந்தையோ, கிளையில் சுருண்ட கார்பெட் பைத்தான் என்ற மலைப்பாம்போ, தவளைவாயனோ நிச்சயம் அங்கே இருக்கும்.

தவளைவாயனுக்கு வருவோம். குரலைப் போட வேண்டாம். தன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது கிட்ட வருகிறது. ஆகஸ்டிலிருந்து கூடு கட்டும் காலம், அப்போது இந்தக் கலவரத்தில் முட்டையை விட்டு எழுந்தால் நஷ்டம் அதற்குத்தான். தேவையும் இல்லை. பகலில் அது ஒரே மரத்தில், பெரும்பாலும் ஜோடியாக, வாரக்கணக்கில் உட்காரும். மரத்தடியில் எச்சம் வெள்ளையாகக் கிடக்கும், அங்கிருந்து அண்ணாந்து தேடுங்கள். கண்டுபிடித்துவிட்டால் அதன் உடம்பைக் கவனியுங்கள். உடம்பு தளர்ந்து, இறகு உப்பி இருந்தால் நிம்மதியாக இருக்கிறது. அலகை மேலே தூக்கி, உடம்பை ஒட்டி, கண்ணைக் கீற்றாக்கி ஒடிந்த கிளையைப் போல விறைத்தால் உங்களைப் பார்த்துப் பயந்துவிட்டது. இணையத்தில் தவளைவாயனின் அழகு என்று பலர் போடும் படம் இந்தப் பயந்த நிலைதான். நான் அதைப் பார்த்ததும் பின்வாங்கிவிடுவேன். மறைக்கிற இலையை ஒடிக்கவும் வேண்டாம், வெயிலிலிருந்தும் காகத்திடமிருந்தும் குஞ்சைக் காப்பது அந்த இலைதான்.

பிரஷ் டர்க்கி மீது உங்களுக்குள்ள கோபம் புரிகிறது. கறிவேப்பிலை போனால் யாருக்குத்தான் வலிக்காது. ஆனால் உங்கள் தோட்டத்துக்கு வருபவர்களிலேயே படத்துக்குத் தோதானவர் அவர்தான். ஆண் பறவை சருகையும் மண்ணையும் காலால் வாரி நாலு மீட்டர் அகலத்துக்கு, ஆள் இடுப்புக்கு மேலே, ஒரு மேடு கட்டுகிறது. சருகு மக்கும் சூட்டில்தான் முட்டை பொரிகிறது. அலகை உள்ளே விட்டுச் சூடு பார்த்து, சருகைக் கூட்டியும் குறைத்தும் 33 டிகிரியை ஒட்டி அதை வைத்துக்கொள்கிறது. ஏழு வாரம் கழித்துக் குஞ்சு தானே தோண்டிக்கொண்டு வெளியே வரும். அப்பாவும் கிடையாது, அம்மாவும் கிடையாது. சில மணி நேரத்தில் பறக்கும். இவ்வளவும் ஒரு புறநகர்க் கொல்லையில் நடக்கிறது, நீங்கள் கன்றைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள்! சரி, கன்றுக்கும் வழி இருக்கிறது. வேரைச் சுற்றிக் கனமான கற்களைப் பரப்புங்கள், அதற்குக் கிளற முடியாது. மூலையில் சருகைக் குவித்துக் கொடுத்தால் வேலையை அங்கே வைத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. மேட்டைக் கலைக்காதீர்கள், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை.

படமெடுக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். கறுப்பு உடம்பு சட்டத்தை நிறைக்கும்போது கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், சிவப்புத் தலையும் மஞ்சள் கழுத்துப்பட்டையும் வெளிறிப்போகும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி குறையுங்கள். இருண்ட இலைகளுக்கு முன் உட்காரும் காக்கட்டூ என்ற வெள்ளைக் கிளிக்கும் இதே கணக்குதான். அப்புறம், தரையில் படுத்து எடுங்கள். மேலிருந்து எடுத்தால் கோழிப்பண்ணைப் படம் மாதிரி ஆகிவிடும்.

பாஸத்துக்கு ஃப்ளாஷ் வேண்டாம், வராந்தா விளக்கே போதும். இரவில் அது எப்போதும் வேலியின் ஒரே பாதையில்தான் நடக்கும். நீலநாக்கு அரணையைப் பார்த்தால் அரணை கடித்தால் மரணம் என்ற பாட்டி பேச்சை மறந்துவிட்டுத் தாராளமாகப் படுத்து எடுங்கள், விஷம் கிடையாது. பழுப்பு நிறப் பாம்பு என்றால் படமே வேண்டாம், உள்ளே போய்விடுங்கள். வலையில் சிக்கிய பழந்தின்னி வவ்வாலைக் கையால் தொடவே கூடாது. அவற்றில் ரேபிஸுக்கு நெருங்கிய ஒரு வைரஸ் இருப்பது 1996-ல் இந்த நாட்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மீட்பு அமைப்பைக் கூப்பிடுங்கள்.

கடைசிக் கேள்வி. ஆமாம், அது குயில்தான். நம் ஊர்க் குயிலுக்கு மிக நெருங்கிய உறவு. ஆண் அதே கறுப்பு, அதே சிவப்புக் கண். செப்டம்பர் வாக்கில் நியூ கினி பக்கமிருந்து வந்து மார்ச் வரை தங்கும். நம் ஊரில் காக்கைக் கூட்டில் முட்டையிடும், இங்கே ஃபிக்பேர்ட், ஃப்ரையர்பேர்ட் மாதிரிப் பறவைகளின் கூட்டில். கூவும் ஆணைத் தேடி அலையாதீர்கள், அடர்ந்த இலைக்குள்ளேதான் இருக்கும். ஜனவரி வாக்கில் ஒரு குஞ்சு இடைவிடாமல் கீச்சிடும். தன்னைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்ட அதற்கு ஃபிக்பேர்ட் பழம் ஊட்டிக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் உட்கார்ந்து வாங்கித் தின்னும் என்பதால் 1/500-ம் போதும். கிடைத்தால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள், என்னிடம் அது இன்னும் இல்லை.