பாத்ரூம் டைல்ஸ்ல விரிசல் விழாம ஓட்டை போடுறது எப்படி?

கேள்வி: பாத்ரூம்ல ஒரு கார்னர் ஷெல்ஃபும் டவல் ராடும் மாட்டணும். போன தடவை சோப்பு ஸ்டாண்ட் மாட்ட வந்தவர் ஹேமர் டிரில்ல அடிச்சதுல ஒரு டைல் மூலைக்கு மூலை விரிஞ்சிருச்சு, அதே டைல் இப்ப எங்கயும் கிடைக்கல. ரெண்டு டைலுக்கு நடுவுல இருக்கிற ஜாயிண்ட்ல ஓட்டை போட்டா சேஃப்னு சொல்றாங்க, உண்மையா? என்கிட்ட சாதா டிரில் மிஷின் இருக்கு, நானே போடலாமா?

பதில்: தாராளமா நீங்களே போடலாம், அவசரப்படாம இருந்தா போதும். டைல் எப்பவுமே ஓட்டை போடும்போதுதான் உடையும்னு நினைக்காதீங்க, நிறைய டைல் ஓட்டையெல்லாம் சுத்தமா விழுந்த பிறகு ஸ்க்ரூ முறுக்கும்போதுதான் விரியுது, அதைப் பத்தி கீழே விரிவா சொல்றேன், அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க.

முதல்ல ஜாயிண்ட் விஷயம். சுவர் டைலுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி பெரும்பாலும் 2, 3 எம்எம்தான், நீங்க போடப் போறது 6ல இருந்து 8 எம்எம் ஓட்டை, அப்போ பிட், அதாவது டிரில்ல மாட்டுற முனை, ரெண்டு பக்கமும் டைலோட ஓரத்தைத்தான் கடிக்கும். டைல்லயே ரொம்ப பலவீனமான இடம் ஓரமும் மூலையும்தான், அதனால ஜாயிண்ட்ல போட்டா ஒரு டைலுக்கு பதிலா ரெண்டு டைல் போக வாய்ப்பு இருக்கு. டைலுக்குள்ளயே, ஓரத்துல இருந்து குறைஞ்சது 2, 3 சென்டிமீட்டர் தள்ளி போடுங்க, அதுதான் நல்லது.

குறி போடுறதுக்கு முன்னாடி விரல் முட்டியால அந்த டைலைத் தட்டிப் பாருங்க. கெட்டியா சத்தம் வந்தா பின்னாடி கலவை முழுசா பிடிச்சிருக்கு, பொள்ளலா சத்தம் வந்தா உள்ள வெற்றிடம் இருக்கு, அந்த இடத்துல அழுத்தினாலே டைல் வளைஞ்சு விரியும், அதனால கொஞ்சம் தள்ளி கெட்டியான இடமா தேடிக்கோங்க. அடுத்து பைப். குழாய், ஷவர், கீசர் பாயிண்ட்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் கை வைக்காதீங்க, அந்த பாயிண்ட்டுகளை இணைக்கிற படுக்கை லைனையும் தவிர்த்துடுங்க, ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலயும் கீழயும் வயர் ஓடும். சுவருக்கு அந்தப் பக்கம் கிச்சன் சிங்க்கோ இன்னொரு பாத்ரூமோ இருந்தா அங்க பாயிண்ட் எங்க இருக்குன்னும் போய்ப் பாத்துட்டு வாங்க, ஏன்னா ஒல்லியான சுவர்ல அந்தப் பக்கத்து பைப்பும் உங்க பிட்டுக்கு எட்டுற தூரத்துலதான் இருக்கும்.

இப்ப பிட். உங்க டைல் சாதா செராமிக்கா, விட்ரிஃபைடான்னு தெரியணும். உடைஞ்ச டைலோட ஓரம் எங்கயாவது தெரிஞ்சா பாருங்க, மேல மட்டும் பளபளன்னு ஒரு மெல்லிய கிளேஸ், உள்ள சிவப்பாவோ வெள்ளையாவோ மண் மாதிரி இருந்தா செராமிக், அதுக்கு ஈட்டி முனை மாதிரி இருக்கிற கார்பைடு டைல் பிட் போதும். உள்ள வரைக்கும் கல்லு மாதிரி இறுகி இருந்தா அது விட்ரிஃபைடு, தண்ணியே உறிஞ்சாத அளவுக்கு கெட்டி, அதுல கார்பைடு முனை சீக்கிரம் மழுங்கிடும், நடுவுல குழலா இருக்கிற டைமண்ட் பிட்தான் வேணும். எந்த டைல்னு பாக்க வழியில்லன்னா டைமண்ட் பிட்டே வாங்கிடுங்க, ரெண்டுக்கும் ஆகும்.

மிஷின்ல ஹேமர் மோடு, அதாவது சுத்தும்போதே அடிக்கிற செட்டிங், கண்டிப்பா ஆஃப்ல இருக்கணும், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா சுத்த விட்டு செக் பண்ணுங்க. குறி போட்ட இடத்துல மாஸ்கிங் டேப்பை பெருக்கல் குறி மாதிரி ஒட்டி அதுமேல பேனாவால புள்ளி வைங்க, பிட் வழுக்காது. ஆணி வெச்சு தட்டி குழி பண்றது வேண்டாம், கிளேஸ் தெறிக்கிறதே அங்கதான். கார்பைடு பிட்னா நேரா வெச்சு ரொம்ப மெதுவா, நிமிஷத்துக்கு 400ல இருந்து 800 சுத்துக்குள்ள ஆரம்பிங்க, கிளேஸ் கீறி ஒரு சின்ன குழி விழுந்ததும் பிட் வழுக்காம அதுலயே நிக்கும். டைமண்ட் பிட்டுக்கு நடு முனை கிடையாது, நேரா வெச்சா ஓடும், அதனால சாய்ச்சுப் பிடிச்சு பிறை மாதிரி ஒரு கீறல் விழுந்த பிறகு மெல்ல நிமிர்த்துங்க. அழுத்தம் ரொம்ப வேண்டாம், பிட் அறுக்கட்டும், நீங்க தள்ளாதீங்க. டைமண்ட் பிட் சூடானா முனை போயிடும், அடிக்கடி வெளிய எடுத்து ஈர ஸ்பாஞ்சால தொட்டு ஆற விடுங்க, ஆனா மிஷின்ல தண்ணி படவே கூடாது, முடிஞ்சா பேட்டரி டிரில் யூஸ் பண்ணுங்க. கண்ணாடியும் மாஸ்கும் போட்டுக்கோங்க, அந்தத் தூசில சிலிக்கா இருக்கு, நுரையீரலுக்கு நல்லதில்ல.

டைலைத் தாண்டிட்டோம்னு கைக்கே தெரியும், சத்தம் மாறும், தூசியோட நிறமும் மாறும். அங்க நிறுத்தி பிட்டை மாத்துங்க, மீதியை சாதா கான்க்ரீட் பிட்டால போடுங்க. செங்கல் சுவர்னா ஹேமர் இல்லாமயே இறங்கும், கான்க்ரீட் தூண்னா மட்டும் இப்ப ஹேமர் போடலாம், அதுவும் பிட் டைலோட விளிம்பைத் தொடாம இருந்தாத்தான். இதுக்காகத்தான் நான் டைல்ல மட்டும் ஓட்டையை பிளக்கைவிட (ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள்ள சொருகுற பிளாஸ்டிக் குழல்) ஒரு சைஸ் பெருசா போடச் சொல்வேன், 6 எம்எம் பிளக்குன்னா டைல்ல 7 அல்லது 8, சுவர்ல 6. பெருசா தெரியுமேன்னு கவலைப்படாதீங்க, ராடோட வட்டத் தகடு மறைச்சிடும்.

இப்ப நான் முன்னாடி சொன்ன விஷயம். பிளக்கோட வேலையே ஸ்க்ரூ உள்ள போகப் போக விரிஞ்சு சுவரை இறுக்கிப் பிடிக்கிறதுதான். அந்த பிளக் டைலோட கனத்துக்குள்ள உக்காந்திருந்தா அது விரியுறது டைலுக்குள்ளதான், டைல் வளைஞ்சு கொடுக்காது, கடைசி ரெண்டு முறுக்குல டிக்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அதனால பிளக் முழுசா டைலுக்குப் பின்னாடி சுவருக்குள்ள போகணும். பிளக் தலையில சின்ன வளையம் இருந்தா கத்தியால சீவிடுங்க, ஸ்க்ரூவை ரெண்டு மரை மட்டும் ஏத்தி அதோட தலையை மெதுவா தட்டி உள்ள இறக்குங்க, அப்புறம் ஸ்க்ரூவைக் கழட்டிடுங்க. டைல் 8 எம்எம், பிளக் 30, தகடு 2 எம்எம்னா மொத்தமே 40 ஆகுது, அடியில பூச்சும் இருக்கும், அதனால 50 எம்எம் ஸ்க்ரூ எடுங்க, ஓட்டை அதைவிட கொஞ்சம் ஆழமா இருக்கட்டும், பிட்ல டேப் சுத்தி அளவு வெச்சுக்கிட்டா குழப்பம் வராது. தூசியை ஊதியோ வேக்குவம் வெச்சோ வெளிய எடுக்காம பிளக்கை சொருகாதீங்க. கடைசியா முறுக்குறது கை ஸ்க்ரூடிரைவரால, தகடு அசையாம நின்னதும் விட்டுடுங்க. ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருக்கட்டும்.

ஷவர் தண்ணி படுற இடத்துல பிளக் சொருகறதுக்கு முன்னாடி ஓட்டைக்குள்ள கொஞ்சம் சிலிகான் விடுங்க, இல்லன்னா அந்த வழியா தண்ணி இறங்கி அடுத்த ரூம் சுவர்ல ஈரம் காட்டும். பெரியவங்க பிடிச்சு எழுந்திரிக்கிற கைப்பிடி மாட்டுறதா இருந்தா வேற மாதிரி யோசிங்க, அதுக்கு 6 எம்எம் பிளக் பத்தாது, சுவர் ஹாலோ பிளாக்கா செங்கலான்னு தெரிஞ்சவங்க வந்து பாத்து மாட்டணும், ஒட்டுற டைப்பை நம்பவே நம்பாதீங்க.

ஏற்கனவே விரிஞ்ச டைலை மாத்த முடியலன்னா அந்தக் கீறலைத் துடைச்சு நல்லா காய வெச்சு கிளியர் எபாக்ஸி தடவி, காய்றதுக்குள்ள மேல வழிஞ்சதைத் துடைச்சுடுங்க, உள்ள தண்ணி போகாது. அந்த டைல்ல மட்டும் இனிமே புதுசா ஓட்டை போடாதீங்க.