இரண்டு சர்வர், ஒரு ஸ்டோரேஜ், இரண்டு சுவிட்ச்: எந்தக் கேபிள் எங்கே போக வேண்டும்?

கேள்வி: இரண்டு சர்வர்களை வைத்து கிளஸ்டர் (ஒன்று போனால் மற்றது வேலையை ஏற்கும் கூட்டு) போடப் போகிறேன். இரண்டு கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை நிர்வகிக்கும் பகுதி) உள்ள ஐஸ்கஸி ஸ்டோரேஜ் (நெட்வொர்க் வழியாக டிஸ்க் தரும் பெட்டி) ஒன்றும், 10 ஜிகாபிட் சுவிட்ச் இரண்டும் வந்து இறங்கிவிட்டன. எதில் ஒன்று போனாலும் வேலை நிற்கக் கூடாது. கேபிளை எப்படிச் செருகுவது?

ரேக்கைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். மேலே சர்வர் இரண்டு, நடுவே சுவிட்ச் இரண்டு, கீழே ஸ்டோரேஜ். சுவிட்சுகளுக்கு அ, ஆ என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் அ-வுக்கு ஒரு கேபிள், ஆ-வுக்கு ஒரு கேபிள். ஒவ்வொரு கன்ட்ரோலரிலிருந்தும் அதேபோல இரண்டு. ஆக 8 கேபிள். ஒரு சர்வரிலிருந்து டிஸ்க்கைப் போய்ச் சேர 4 பாதைகள் கிடைக்கும்.

பலர் செய்யும் தவறு, முதல் கன்ட்ரோலரை முழுக்க அ-விலும் இரண்டாவதை முழுக்க ஆ-விலும் செருகிவிடுவது. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அ சுவிட்ச் போன அன்று, நன்றாக இருக்கும் முதல் கன்ட்ரோலரும் கூடவே போய்விடும். அதேபோல சர்வரின் இரண்டு கேபிளும் ஒரே நெட்வொர்க் கார்டில் இருந்தால், அந்தக் கார்டு பழுதானதும் இரண்டும் போச்சு. போர்டோடு வரும் போர்ட்டில் ஒன்று, தனிக் கார்டில் ஒன்று என்று பிரித்துச் செருகுங்கள்.

அ பக்கத்துக்கு ஒரு சப்நெட் (தனி ஐபி முகவரி வரிசை), ஆ பக்கத்துக்கு வேறு சப்நெட் கொடுங்கள். 10.10.1 என்று தொடங்குவது ஒன்று, 10.10.2 என்று மற்றொன்று இருந்தால் போதும். இரண்டு போர்ட்டும் ஒரே சப்நெட்டில் இருந்தால், லினக்ஸில் ஒரு போர்ட்டுக்கான கேள்விக்கு இன்னொரு போர்ட் பதில் சொல்லும். போக்குவரத்து முழுவதும் ஒரே கேபிளில் போய்க்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. இப்படிப் பிரித்துவிட்டால் இரண்டு சுவிட்சையும் ஒன்றோடு ஒன்று இணைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒன்றில் வரும் கோளாறு மற்றதற்குத் தாவாது.

இரண்டு போர்ட்டையும் எல்ஏசிபி போட்டு ஒரே இணைப்பாகக் கட்டலாமே என்று தோன்றும். ஸ்டோரேஜுக்கு வேண்டாம். ஒரு டிசிபி இணைப்பு எப்படியும் ஒரே கேபிளில்தான் போகும். பாதைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை சர்வரில் ஓடும் மல்டிபாத் மென்பொருளிடம் விடுங்கள், அதற்காகவே அது இருக்கிறது. விண்டோஸில் எம்பிஐஓ (அங்கே மல்டிபாத்தின் பெயர்) போடாமல் விட்டால் ஒரே டிஸ்க் நான்கு டிஸ்க்காக வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

ஜம்போ ஃபிரேம் (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்) வைப்பதானால் சர்வர், சுவிட்ச், ஸ்டோரேஜ் மூன்றிலும் வைக்க வேண்டும். எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 என்றால், பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 8972 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். மீதி 28 பைட் தலைப்புகளுக்கு. அது போய்த் திரும்பினால் சரி.

இனி சொல்லப்போவது மின்சாரம். இதில் நான் பட்டிருக்கிறேன். ஓர் ஆலையில் மேலே சொன்னபடியே கேபிள் எல்லாம் சுத்தமாகப் போட்டிருந்தேன். ஒரு நாள் மதியம் யுபிஎஸ் ஒன்று அணைந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சர்வர் இரண்டிலும் விசிறி ஓடுகிறது, ஸ்டோரேஜில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் டேட்டாபேஸ் உறைந்து நிற்கிறது. ரேக்குக்குப் பின்னால் உட்கார்ந்து டார்ச் அடித்து, கறுப்பு வயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொடர்ந்து கீழே வந்தேன். சுவிட்ச் இரண்டுக்கும் தலா ஒரே பவர் சப்ளை. இரண்டு வயரும் ஒரே ஸ்ட்ரிப்பில் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளில் இருந்தன. செருகியது நான்தான். 4 பாதையும் அந்த ஒரு ஸ்ட்ரிப்பில் வந்து முடிந்திருந்தது. அன்றிலிருந்து தாளில் வரையும்போது மின்வயரையும் சேர்த்தே வரைகிறேன். அ சுவிட்ச் ஒரு யுபிஎஸ்ஸில், ஆ சுவிட்ச் வேறு யுபிஎஸ்ஸில். இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வரும் ஸ்டோரேஜும் இரண்டிலும் ஒவ்வொன்று.

கிளஸ்டரின் இதயத்துடிப்புக்கு (சர்வர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை ஒன்றுக்கொன்று சொல்லும் செய்திக்கு) ஸ்டோரேஜ் நெட்வொர்க்கை மட்டும் நம்ப வேண்டாம், தனி வழி ஒன்று கொடுங்கள். இரண்டே சர்வர் என்பதால் மூன்றாவது ஓட்டுக்கு விட்னஸ் (ஓட்டு மட்டும் போடும் சாட்சி) ஒன்றும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால், ஒன்றையொன்று பார்க்க முடியாமல் போகும்போது யார் தொடர்வது என்று முடிவாகாது.

அ பக்கத்துக்கு நீலக் கேபிள், ஆ பக்கத்துக்கு மஞ்சள் என்று நிறம் பிரித்து, இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள். ஒரே ரேக்குக்குள் என்றால் டிஏசி கேபிள் (இரண்டு முனையிலும் பிளக்கோடு வரும் குட்டைக் கேபிள்) போதும். 10 ஜிகாபிட்டைச் செம்புக் கேபிளில் ஓட்டுவதானால் கேட் 6ஏ வாங்குங்கள். அது 100 மீட்டர் வரை தாங்கும்.

எல்லாம் முடிந்ததும், பயனர்களை ஏற்றுவதற்கு முன்பே, பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்க விட்டுவிட்டு ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்குங்கள். அப்புறம் ஒரு சுவிட்சின் மின்சாரம், ஒரு கன்ட்ரோலர், ஒரு யுபிஎஸ். நகல் சில நொடி தயங்கிவிட்டுத் தொடர வேண்டும். ஒன்றைத் திரும்ப மாட்டியதும் அவசரப்படாதீர்கள். 4 பாதையும் மறுபடி வந்துவிட்டதை மல்டிபாத் பட்டியலில் கண்ணால் பார்த்த பிறகு அடுத்ததில் கை வையுங்கள்.