மூடிக்கெடக்கற சாயப்பட்டறை எடத்தை, வீல்சேர்ல வர்றவங்களும் சுத்திப் பாக்கற மாதிரி பூங்காவா மாத்த முடியுங்களா?

தாராளமா முடியுமுங்க. ஜெர்மனில டூயிஸ்பர்க்ல 1985-ல மூடுன இரும்பாலைய இடிக்காம அப்படியே வச்சு பெரிய பூங்காவா மாத்திட்டாங்க, பழைய உலை மேலயே ஏறி ஊரைப் பாக்கலாம்.

ஆனா நம்ம திருப்பூர்ப் பக்கம் மொதல்ல மண்ணைத்தான் பாக்கோணும். சாயத்துக்கு உப்பு மூட்டை மூட்டையாப் போட்டுத்தான் ஓட்டுனாங்க, அந்தத் தண்ணி எறங்குன எடத்துல வெயில் காலத்துல மண்ணு மேல வெள்ளையாப் பூத்து நிக்கும், கையில எடுத்தா பொருபொருன்னு உதுரும். அதுல என்ன செடி வச்சாலும் நுனி கருகிப்போயிரும். அதனால மண்ணையும் கெணத்துத் தண்ணியையும் லேப்ல குடுத்து உப்பு, குரோமியம், ஈயம் எல்லாம் பாத்துட்டு, மோசமான எடத்துல மேல்மண்ண அள்ளிட்டோ நல்ல மண்ணு போட்டு மூடிட்டோ அப்பறமா உகா, புங்கன், வேம்புன்னு உப்பு தாங்கற மரமா வைங்க.

பாதைக்கு ஜல்லி மட்டும் வேண்டவே வேண்டாமுங்க. எங்க அமுச்சிய ஒரு பார்க்குக்கு வீல்சேர்ல கூட்டிட்டுப் போனப்ப முன்சக்கரம் ஜல்லில பொதைஞ்சு நின்னுருச்சு, வாசல்லயே உக்காந்துட்டுத் திரும்பி வந்தோம், இன்னும் மனசு கேக்கலீங்க. கெட்டித்தரை போடுங்க, 1 அடி ஏத்தத்துக்கு 12 அடி நீளமாச்சும் சரிவு விடுங்க, கக்கூஸ் கதவு 90 சென்டிமீட்டர் அகலம் இருக்கோணும். பழைய பாய்லர் புகைபோக்கி உறுதியா இருந்தா இடிச்சுறாதீங்க.