1960களின் மசில் கார்கள் ஏன் கண்ணில் படுவதில்லை? – கேள்வி பதில்

டெட்ராய்ட் பக்கம் பல வருடமாகப் பழைய அமெரிக்க வண்டிகளோடு கிடக்கிறேன். மசில் கார்கள், அதாவது நடுத்தர அளவுக் காரில் பெரிய, சக்தி மிகுந்த எஞ்சின் வைத்த வண்டிகள் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி: அண்ணா, அமெரிக்கா வந்து மூன்று வருடம் ஆகிறது. 1964 போன்டியாக் ஜிடிஓ ஒன்றைக்கூட ரோட்டில் பார்த்ததில்லை. அவ்வளவு குறைவாகவா செய்தார்கள்?

இல்லை தம்பி. அந்த ஒரு வருடத்திலேயே 32,450 ஜிடிஓ விற்றது. நடுத்தர அளவு டெம்பஸ்ட் லெமான்ஸ் காரில், பெரிய காருக்கான 389 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். அதற்குக் கூடுதல் விலை 295 டாலர் சொச்சம்தான். புதிதாக வேலைக்குப் போன பையன்கூடத் தவணையில் வாங்கிவிடலாம்.

அந்த மலிவுதான் அதற்கு எமனாகவும் வந்தது. யாரும் பொத்திப் பாதுகாக்கவில்லை. சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்டார்கள், மோதினார்கள், எஞ்சினைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டினார்கள். பத்து வருடம் கழித்து அது வெறும் பழைய வண்டி, அதுவும் பெட்ரோலைக் குடிக்கிற வண்டி. கை மாறிக் கை மாறிக் கடைசியில் காயலான் கடைக்குப் போனது. ஒருநாள் இதற்கு இத்தனை மதிப்பு வரும் என்று அன்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

கேள்வி: துருதான் முக்கியக் காரணம் என்கிறார்களே?

மிச்சிகன், ஒஹையோ போன்ற மாநிலங்களில் நிச்சயமாக. பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். அந்தக் காலத் தகரத்துக்கு இன்றுள்ள துத்தநாகப் பூச்சு கிடையாது. உப்புத் தண்ணீர் மட்கார்டுக்குள்ளும் டிக்கியின் அடியிலும் தங்கி, வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அரித்துவிடும். ஜிடிஓவுக்கும் ஷெவர்லே செவெல்லுக்கும் சேசிஸ் (அடிச்சட்டம்) தனி, பாடி தனி. பாடியைத் தூக்கிவிட்டு வேலை பார்க்கலாம். டாட்ஜ் சார்ஜர், பிளைமவுத் பாரகுடா வகையில் பாடியும் சேசிஸும் ஒன்றாகவே சேர்ந்திருக்கும். அடித்தகரம் அரித்தால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. அதனால்தான் அரிசோனா போன்ற வறண்ட ஊர் வண்டிகளுக்கு இவ்வளவு கிராக்கி.

கேள்வி: 1973 எண்ணெய் நெருக்கடிதானே இவற்றை ஒழித்தது?

அதற்கு முன்பே ஆட்டம் கண்டுவிட்டது. இளைஞர்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணம் தாங்க முடியாமல் ஏறியது. 1970ல் காற்று மாசுக்கான கடுமையான சட்டம் வந்தது. 1971 மாடல்களிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்களின் கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவையை அழுத்தும் விகிதத்தைக் குறைத்துவிட்டது; சக்தியும் குறைந்தது.

கேள்வி: 2009ல் பழைய காரைக் கொடுத்தால் அரசு பணம் தந்ததே, அதில் நொறுங்கிப் போயினவா?

இல்லை. 25 வயதுக்கு உட்பட்ட வண்டிகளை மட்டுமே அதில் எடுத்தார்கள். இந்தப் பழியை அதன்மேல் போடாதீர்கள்.

கேள்வி: சார், இன்றைய பெட்ரோலில் ஓடுமா?

ஓடும், ஆனால் கவனம் வேண்டும். 1964 ஜிடிஓவின் கம்ப்ரெஷன் 10.75. இன்றைய 91, 93 ஆக்டேன் பெட்ரோலில் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) சரியாக வைக்காவிட்டால் நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டும். அன்றைய பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு சீட் (வால்வு வந்து உட்காரும் வளையம்) தேயாமல் காத்தது. ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் 1996ல் முழுவதும் தடையானது. அதனால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றும்போதே கெட்டியான வால்வு சீட் போட்டுவிடுங்கள். எஞ்சின் ஆயிலும் துத்தநாகச் சேர்மானம் உள்ளதாக இருக்கட்டும். சாதாரண புது ஆயிலில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தேய்ந்துபோகலாம். அப்புறம், எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைத் தின்றுவிடும். அதையும் மாற்றுங்கள்.

கேள்வி: மிச்சம் இருப்பவற்றையாவது ஏன் ஓட்டுவதில்லை?

விலைதான். 1971ல் ஹெமி என்ற பெரிய எஞ்சினோடு வந்த, கூரையை மடக்கக்கூடிய கன்வெர்டிபிள் 'குடா (பாரகுடாவின் ஒரு வகை) மொத்தமே 11. அதில் ஒன்று 2014ல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதை எடுத்துக்கொண்டு யார் காய்கறி வாங்கப் போவார்கள்? இந்த வண்டிகளுக்கான தனி இன்சூரன்ஸும் தினசரி ஆபீஸ் போய்வர அனுமதிக்காது. பல வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்; இன்றைய நெரிசலில் அதுவும் பயம்தான். ஆனாலும் மூடியே வைப்பது எனக்கு உடன்பாடில்லை. நின்ற வண்டியில் சீல் காய்ந்துவிடும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகிவிடும்.

கேள்வி: 1965 ஜிடிஓ ஒன்று விலைக்கு வருகிறது. அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தொழிற்சாலையில் பொறித்த வண்டி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 1964, 65ல் ஜிடிஓ தனி மாடல் இல்லை, லெமான்ஸின் எண்தான் இருக்கும். 1966லிருந்துதான் எண் 242 என்று தொடங்கும். அதற்கு முந்தையது என்றால், போன்டியாக்கின் பழைய தொழிற்சாலைப் பதிவின் நகலைக் கேளுங்கள். அது இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரே இடத்தில் நிறையப் பார்க்க முடியுமா அண்ணா?

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் உட்வர்ட் அவென்யூவுக்கு வாருங்கள். 1960களில் பையன்கள் இரவில் பந்தயம் விட்ட அதே ரோடு. 1995லிருந்து அங்கே ஊர்வலம் நடக்கிறது. முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுங்கள், சனிக்கிழமை நிற்க இடம் கிடைக்காது.