ஹையர் வானில் ஜிபிஎஸ் கருவி பூட்டினால் சாரதிக்குச் சொல்ல வேண்டுமா?

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்தில் ஹையருக்கு ஓடும் வான், சம்பளத்துக்கு ஒரு சாரதி, களவுக்குப் பயந்து ஜிபிஎஸ் பூட்டினால் அவருக்குத் தெரிவிக்க வேண்டுமா?

என்னைக் கேட்டால், கட்டாயம் சொல்லுங்கள். வாகனம் உங்களுடையதுதான், ஆனால் அது எங்கே நிற்கிறது என்ற தகவல், ஓட்டுபவர் எங்கே நிற்கிறார் என்ற தகவலும்தானே. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆளை அடையாளங்காட்டும் விபரங்களில் இருப்பிடத் தரவையும் சேர்த்திருக்கிறது. முழுக்க வீட்டுத் தேவைக்கான பாவனைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே உங்கள் சொந்த மோட்டார் சைக்கிளில் பூட்டுவது வேறு கதை; சம்பள ஆளைக் கண்காணிப்பது வேறு கதை. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் சட்டம் என்பதற்காக அசட்டையாக இருக்க வேண்டாம்.

வேலைக்குச் சேர்க்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: ஏன் பூட்டியிருக்கிறது, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் பதிவு வைத்திருப்பீர்கள். வேலை முடிந்த பிறகு அவர் ஆர் வீட்டுக்குப் போனார் என்று தோண்டுவது களவைத் தடுப்பதில்லை, வெறும் விடுப்புத்தான். உள்ளே ஒலிப்பதிவு செய்யும் கருவி என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

களவு போனால் பொலிஸ் அவசர இலக்கம் 119. பிறகு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு. செசி இலக்கத்தையும் கடைசியாகக் காட்டிய இடத்தையும் கொடுங்கள். கருவி சிம் வழியாகத்தான் இடத்தை அனுப்பும், சிக்னல் இல்லாவிட்டால் வரைபடத்தில் தெரிவது பழைய இடமாக இருக்கலாம். அதை நம்பி நாலு பெடியளோடு மற்றவன் வளவுக்குள் பாயாதேங்கோ.