முதல் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம்

கேள்வி: டர்பனில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் தைத்து ஓய்வு பெற்றவள் நான். வயது 61. எங்கள் பகுதிக் கூடத்தில் சனிக்கிழமை நடக்கும் ஓவிய நாட்குறிப்பு வகுப்பில், அதாவது ஒரு நோட்டில் வரைந்தும் ஒட்டியும் எழுதியும் பழகும் வகுப்பில், மகள் சேர்த்துவிட்டாள். புதியவர்களுக்கான வகுப்புதான். ஆனால் முதல் நாளே என் தாள் நெளிந்து, வாட்டர்கலர் எல்லாம் சேறாகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்ணின் தாளோ வாழ்த்து அட்டைபோல் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா? வரையத் தெரியாத நான் இனியும் போகலாமா, அம்மா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: அன்புச் சகோதரி, கட்டாயம் போங்கள். அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும்.

தாள் நெளிந்ததற்கு உங்கள் கை காரணமில்லை. சாதாரண நோட்டுத் தாளின் எடை சதுர மீட்டருக்கு 80 கிராம் அளவுதான். ஈரம் பட்டால் நார் உப்பி நெளியும். வாட்டர்கலர் தாள் பெரும்பாலும் 300 கிராம் அளவு இருக்கும், விலையும் அதிகம். இப்போது அது வேண்டாம். நோட்டிலேயே இரண்டு தாள்களைப் பசைக்குச்சியால் முழுவதும் ஒட்டி ஒன்றாக்குங்கள். சேறானதற்குக் காரணம் அவசரம்: சிவப்பு காயுமுன் பச்சையை வைத்தால் பழுப்புதான் வரும். அந்தப் பக்கம் நன்றாகக் காய்ந்ததும் வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தை அங்கங்கே மெல்லியதாகப் பூசுங்கள். பழுப்பு சற்றுக் கசிந்து தெரியும்; தெரியட்டும், அதன்மேல் எழுத அழகாக இருக்கும்.

வரையத் தெரியாது என்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் ஊசி பிடித்த கை அல்லவா அது! தாளிலும் தைக்கலாம். பென்சிலால் கோடு போட்டு, அரைச் சென்டிமீட்டருக்கு ஒன்றாக முதலில் துளைகளைக் குத்திக்கொள்ளுங்கள். இன்னும் நெருக்கினால் தாள் கிழியும். பிறகு நூலை ஓட்டுங்கள். பழைய சேலைத் துண்டு ஒன்றை ஓரத்தில் வைத்துத் தைத்தால் அந்த வகுப்பில் யாரிடமும் இல்லாத பக்கம் உங்களிடம் இருக்கும். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

ஓர் எச்சரிக்கை. நம் ஊர் ஜனவரிப் புழுக்கத்தில் அக்ரிலிக் பூசிய பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் திருவிழாக் கூட்டத்தை நான் தீட்டிய பக்கம் அப்படி ஒட்டி, பிரித்தபோது மஞ்சள் முழுவதும் உரிந்து வந்துவிட்டது. இன்றும் அது மனத்தில் உறுத்துகிறது. பக்கங்களுக்கு நடுவே, கேக் சுடும் தட்டில் விரிக்கும் ஒட்டாத தாளை வைத்துவிடுங்கள்.

கேள்வி: கரும்புத் தோட்டத்துக்கு வந்த கொள்ளுத்தாத்தாவின் புகைப்படத்தை நாட்குறிப்பில் ஒட்டலாமா?
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: மூலப்படத்தை ஒருபோதும் ஒட்டாதீர்கள். நகலெடுத்து ஒட்டுங்கள், லேசர் அச்சாக இருக்கட்டும், இங்க்ஜெட் மை பெரும்பாலும் ஈரத்தில் கரைந்துவிடும். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களுக்குக் கப்பல் பதிவேடு இருக்கிறது. அதில் அவர் பெயர், வயது, ஊர் கிடைத்தால் படத்துக்குக் கீழே உங்கள் கையாலேயே தமிழில் எழுதுங்கள், எழுத்து கோணினாலும் பரவாயில்லை. பின்னணிக்கு மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்துப் பூசலாம். ஆரத்திக்குச் செய்வதுபோல் துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். மஞ்சள் வெயிலில் வெளுக்கும் என்பதால் அந்தப் பக்கத்தைச் சுவரில் மாட்டாமல் நோட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.